லிஃப்டில் சிந்திய தீர்த்தம்

எங்கள் வீட்டில் என்றைக்கு வடை சுடுவது என்பதை அம்மா முடிவு செய்ததில்லை. தொலைக்காட்சிச் செய்திதான் முடிவு செய்யும்.

நாங்கள் இந்தத் தீவின் வடகோடியில், மார்சிலிங்கில் ஏழாம் மாடியில் குடியிருந்த காலம் அது. இரவுச் செய்தியில் போலீஸ் யாரையோ பிடித்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தால் போதும், அப்பாவின் கையிலிருக்கும் சோறு தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றுவிடும். பிடிபட்டவன் திருடினானா, அடித்தானா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். "நம்மாளா?" என்பார். தமிழனா என்று அர்த்தம். அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து நிற்பாள். எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். திரையில் முகம் வரும். நம்மாள் இல்லையென்றால் சோறு வாய்க்குள் போகும், அம்மா ரசம் ஊற்றுவாள், உலகம் மறுபடி சுற்றத் தொடங்கும். நம்மாள் என்றால் அப்பா எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பார். அம்மா நடைபாதைப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவாள். பிடிபட்டவன் தீவின் இன்னொரு கோடியில், பிடோக்கில் எங்கோ இருக்கும் யாரோ ஒருவன். எங்கள் வீட்டு நடவடிக்கையைப் பார்த்தால் அவன் எங்கள் கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பது போலத் தோன்றும்.

மறுநாள் விடியலில் வடை வாசனை வரும். அப்பா வேலை பார்த்த கப்பல் பட்டறையில் சீனர்களும் மலாய்க்காரர்களும்தான் அதிகம். ஒரு பை நிறையப் பருப்பு வடையை அங்கே கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுப்பார். எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. ஓரத்தில் கருகியதும் உடைந்ததும் எனக்கு. ஆகவே, ஒன்பது வயதில் நான் இரவு ஜெபத்தின் முடிவில் ரகசியமாக ஒரு விண்ணப்பம் சேர்த்துக்கொள்வேன். ஆண்டவரே, நம்மாள் ஒருவர் மாட்டட்டும். பெரிய குற்றமாக வேண்டாம், வடை சுடும் அளவுக்கு இருந்தால் போதும்.

சிரிக்காதீர்கள். இப்போது எனக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. இன்றும் உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் வரும்போது கைப்பேசியில் கைதுச் செய்தி வந்தால் கட்டைவிரல் நேரே பெயரைத் தேடித்தான் ஓடுகிறது. நம்மாள் இல்லை என்று தெரிந்ததும் நான் விடும் பெருமூச்சில் பக்கத்தில் இருப்பவர் இடம் மாறி உட்காருகிறார்.

அந்த வருடம் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பிரச்சினை முளைத்தது. லிஃப்டில் யாரோ சிறுநீர் கழித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் இல்லை, விட்டு விட்டுப் பல நாள். பிறகு ஒரு காலையில் லிஃப்டுக்குள் நான்கு மொழிகளில் எச்சரிக்கை ஒட்டப்பட்டது. இனி ஈரம் பட்டால் இயந்திரம் கண்டுபிடித்துவிடும், லிஃப்ட் நின்றுவிடும், கதவு பூட்டிக்கொள்ளும். நான்கில் தமிழ்தான் நீளமாக இருந்தது. தமிழில் எதைச் சொன்னாலும் நீளமாகத்தானே இருக்கும். அப்பா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"பாத்தியா, நமக்குத்தான் வெவரமா எழுதியிருக்கான்" என்றார்.

கீழ்த்தளத்தில் மாமாக் கடை என்னும் சில்லறைக் கடை வைத்திருந்தவர் நாகூர்ப் பக்கத்துக்காரர். பிள்ளைகளுக்கு மாமா, அப்பாவுக்கு நானா, அதாவது அண்ணன். ரொட்டி வாங்கப் போன இடத்தில் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டதை நான் மிட்டாய் ஜாடிக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"நம்ம பயலுவளா இருக்குமோ, தம்பி?"

"இருக்காது நானா." ரொட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவே சொன்னார்: "இருந்தாலும் இருக்கும்."

"மாட்டுனா பேப்பர்ல போடுவானாம்ல?"

"அவன் பேரையா போடுவான்? நம்ம எல்லாரு பேரையும்ல போடுவான்."

இதைக் கேட்டுப் பாதி பயந்திருந்த என்னை முழுதாகப் பயமுறுத்தும் வேலையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அவருக்குத் தமிழர் கடைத்தெருவான தேக்காவில் துணிக்கடையில் வேலை. கேட்பவர் நம்பும்படி ஒரு பொய் சொல்லாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. லிஃப்டின் கூரையில் இருந்த திருகாணி ஒன்றைக் காட்டி, "அது திருகாணி இல்லடா, கேமரா. ஈரம் பட்ட மறு நிமிஷம் படம் புடிச்சிரும். மறுநாள் முதல் பக்கத்துல ஒன் மூஞ்சி. கீழ என்ன போடுவான் தெரியுமா? இந்தியச் சிறுவன்" என்றார். அதற்குப் பிறகு நான் லிஃப்டில் ஏறினால் மூச்சைக்கூட வியர்க்காமல் விட்டேன்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு. நாங்கள் கத்தோலிக்கர்கள், ஈஸ்டர் இரவுப் பூசையில் மந்திரித்த தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்துவந்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வது வழக்கம். பரீட்சைக்குப் போனால் நெற்றியில் ஒரு துளி, காய்ச்சல் வந்தால் ஒரு துளி. அடுத்த புளோக்கில் இருந்த என் ஞானத்தாய் உடம்புக்கு முடியாமல் அந்த இரவு பூசைக்கு வரவில்லை. அவர்களுக்கென்று அம்மா ஒரு பாட்டில் பிடித்துவைத்திருந்தாள். ஆரஞ்சு சர்பத் இருந்த கண்ணாடிப் பாட்டில். கழுவியதில் அவசரம் கலந்துவிட்டதால் தீர்த்தம் மெல்லிய மஞ்சளாக இருந்தது. எந்த மஞ்சள் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

"ஓடாத. குதிக்காத. மூடியத் தொறக்காத" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தாள்.

அப்போதெல்லாம் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஏழிலிருந்து ஐந்துக்குப் படியில் இறங்கித்தான் பிடிக்க வேண்டும். இறங்கினேன், ஏறினேன், கதவு மூடியது. உள்ளே நான் மட்டும். இதில் ஒரு விவரம் சொல்ல வேண்டும்: மறு ஞாயிறு நான் முதன்முறையாக வெள்ளை அங்கி போட்டுப் பூசைக்கு உதவி செய்யப் போகிறேன். ஒரு வாரமாக எனக்குள் ஒரு சாமியார் வளர்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தனிமை கிடைத்ததும், கையில் தீர்த்தமும் இருந்ததும், கைங்கரியத்தைத் தொடங்கிவிட்டார்.

ஒன்பதாம் மாடிக்கு ஒரு பவனி போய்த் திரும்பலாம் என்று பொத்தானை அழுத்தினேன். மூடியைத் திறந்தேன். லிஃப்டின் நான்கு சுவர்களையும் ஆசீர்வதித்தேன். பொத்தான்களை ஒவ்வொன்றாக ஆசீர்வதித்தேன். எச்சரிக்கை அறிவிப்பை, அதுவும் தமிழில் இருந்ததை, கூடுதலாகவே ஆசீர்வதித்தேன். லிஃப்ட் ஒன்பதைத் தொட்டுவிட்டு இறங்கும்போது, ஐந்தாம் மாடியை நெருங்கிய இடத்தில், ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. நான் சுவரில் சாய்ந்தேன். பாட்டில் கவிழ்ந்து, என் காற்சட்டையை நனைத்து, தரையில் ஒரு மஞ்சள் குளமாகப் பரவியது. அதே நொடியில் எங்கோ மணி அலறத் தொடங்கியது.

பிடித்துவிட்டது. இயந்திரம் என்னைப் பிடித்துவிட்டது.

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் யோசித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இது தீர்த்தம் என்று சொன்னால் என் மேல் போலீஸ் குற்றம் இல்லை. ஆனால் ஈஸ்டர் தீர்த்தத்தை லிஃப்டில் கொட்டியவன், அதுவும் சாமியார் விளையாட்டு விளையாடிக் கொட்டியவன், எப்படி அங்கி போட முடியும்? அது சாவான பாவமா அற்பப் பாவமா என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித்தரவில்லை. இது சிறுநீர் என்று சொன்னால் ஆண்டவரிடம் தப்பிக்கலாம், மனிதர்களிடம் மாட்டுவேன். முதல் பக்கம், இந்தியச் சிறுவன், இந்தத் தீவில் இருக்கும் அத்தனை தமிழ் வீட்டிலும் ஜன்னல் சாத்தப்படும். நாடு முழுவதும் வடை மணக்கும். அந்த வடையில் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்காது.

அதற்குள் கூரைத் திருகாணி ஞாபகம் வந்தது. படம் எடுக்கப்போகிறதே! முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தலையை வாரிக்கொண்டேன். பிறகுதான் புத்தி வந்து, முகம் தெரியக் கூடாதே என்று டி-சட்டையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். முகம் மறைந்தது. கைகள் வெளியே இருந்தன. கைகளின் நிறத்தைப் பார்த்தேன். இந்தியச் சிறுவன் என்று போட அதுவே போதும் என்று தோன்றியதால் கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். ஆக மொத்தம், மஞ்சள் குளத்தின் நடுவில் தலையில்லாத, கையில்லாத ஒரு வயிறு நின்றது.

லிஃப்ட் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியே முதலில் பார்த்தது ஐந்தாம் மாடியில் லிஃப்டை ஒட்டின வீட்டுச் சீன ஆன்ட்டி.

"அலாமா! பாய், யூ ஓகே ஆ?"

சட்டைக்குள்ளிருந்து தலையாட்டினேன். அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ. கழுத்துப் பக்கத்துச் சந்து வழியாகப் பார்த்தேன். ஆன்ட்டியின் கண் என் காலடிக்குப் போனதும் முகம் வெளிறியது. வீட்டுக்குள் ஓடினார். போலீசைக் கூப்பிடத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். வாளியும் துடைப்பானுமாகத் திரும்பி வந்தார்.

அடுத்து படிகளில் தடதடவென்று காலடி. கூடவே வாளி மோதும் சத்தம். யாரோ கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, கீழே கேட்கும்படி, லிஃப்டில் ஓர் இந்தியப் பையன், காலடியில் ஈரம் என்று கத்தியிருக்கிறார்கள். கடையில் நின்ற அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு வாளியோடு ஏறி வந்துவிட்டார்கள். மாமா கையில் விற்பனைக்கு வைத்திருந்த பினாயில் புட்டி வேறு.

"யாரு நானா, மூஞ்சி தெரியலையே."

"மூடிக்கிட்டு நிக்கிறான் பாரு. வெக்கப்படுறான்ல, நம்ம புள்ளதான். சந்தேகமே இல்ல."

அப்பா கதவுக்கு நெருக்கமாக வந்தார். "தம்பி, பயப்படாதய்யா. எந்த வீட்டுப் புள்ள நீ?"

நான் அசையவில்லை. பயத்தால் மட்டும் இல்லை. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எனக்கென்று அவர் வைத்திருந்தது 'டேய்' மட்டும்தான். ஊர் பேர் தெரியாத பையனுக்கு இவ்வளவு வெல்லமா?

"கதவத் தொறக்க ஆளு வர்றதுக்குள்ள நாங்க கழுவி விட்டுர்றோம். யாருக்கும் தெரியாது. அழாத. அப்பா பேரு மட்டும் சொல்லு, போதும்."

அப்பா பெயரை அப்பாவிடமே எப்படிச் சொல்வது? யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையாகவே கடைசி வரை இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஆசை வந்தது.

அந்த ஆசையில் மண் விழுந்தது. பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு அம்மா இறங்கி வந்து, கண்ணாடியில் கண்ணை ஒட்டிப் பார்த்தாள்.

"அந்தக் காச்சட்ட ஊக்கு நான் குத்துனது! அது நம்ம பயலுங்க! டேய், சட்டைய எறக்குடா!"

இறக்கினேன். அப்பாவின் வாளி தரையில் விழுந்தது. "நீயாடா?" என்றார். அய்யா போய் டேய் வந்துவிட்டது.

"பாட்டில் எங்கடா?" என்றாள் அம்மா. "தீர்த்தத்தக் கொட்டிட்டியா?"

அந்தக் கணத்தில் நான் தேர்ந்தெடுத்தேன். மோட்சத்தைக் காப்பாற்றிக்கொண்டு மானத்தை விட்டுவிடுவது என்று.

"தீர்த்தத்தக் கொட்டலம்மா! இது ஒண்ணுக்கு! நான்தான் இருந்தேன்!"

நடைபாதை முழுக்க எதிரொலித்தது. ஆன்ட்டிக்கும் விளங்கட்டுமே என்று ஆங்கிலத்திலும் ஒரு முறை சொன்னேன். மாமா இருமினார். அப்பா என்னையே பார்த்தார். பெல்ட் நிச்சயம் என்று நான் கண்ணை மூடினேன். அவர் குனிந்து வாளியை நிமிர்த்தினார்.

"சரி விடு. கழுவிட்டாப் போச்சு" என்றார்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர் சாவதானமாக வந்தார். பெட்டியைத் திறந்தார், எதையோ முடுக்கினார், லிஃப்ட் ஓர் அடி இறங்கிக் கதவு திறந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் கைதுக்குத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"ஓல்டு லிஃப்ட் லா. எவ்ரி மன்த் லைக் திஸ்" என்றார்.

அப்பா மெதுவாக, அந்த இயந்திரத்தைப் பற்றிக் கேட்டார். அது இந்த புளோக்குக்கு இன்னும் வரவே இல்லையாம். அறிவிப்பு மட்டும் முதலில் வந்துவிட்டதாம். அப்படியானால் மணி? மணிப் பொத்தானில் என் முழங்கை பட்டிருந்தது. படம் எடுக்கும் திருகாணி திருகாணியேதான்.

அதற்குள் அம்மா மூலையில் கிடந்த பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள். "அடப்பாவி! தீர்த்தம்தான். ஆரஞ்சு மணக்குது."

மாமா கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். "தீர்த்தமா? அப்ப இந்த பினாயில நான் எங்க போயி ஊத்த?" என்றார். அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். மாமா வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து சிரித்தார். நம் பிள்ளை செய்யவில்லை, நம்மாள் யாரும் செய்யவில்லை, படம் இல்லை, பேப்பர் இல்லை. நானும் சிரித்தேன், எதற்கு என்று தெரியாமலேயே.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மந்திரித்த தண்ணீரில் கால் படக் கூடாது, வாளித் துடைப்பானால் அள்ளக் கூடாது. மண்ணில்தான் சேர வேண்டும். அவள் லிஃப்டுக்குள் முழங்காலிட்டு, பட்டு முந்தானையால் அந்தக் குளத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள். நடைபாதையில் ஆன்ட்டி வளர்த்த எலுமிச்சைத் தொட்டியில் பிழிந்தாள். மறுபடி ஒற்றினாள். ஆன்ட்டி தன் துடைப்பானைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கேட்டது நான் ஆங்கிலத்தில் கத்தியதை மட்டும்தான். அவர் கண்ணால் பார்த்தது இதுதான்: ஒரு பையன் லிஃப்டில் சிறுநீர் கழித்துவிட்டான், அப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், அம்மா எல்லோர் முன்னாலும் பட்டுப் புடவையால் துடைக்கிறாள், ஒருவர்கூடத் தலைகுனியவில்லை.

அன்று சாயங்காலம் ஆன்ட்டி எங்கள் இரும்புக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். கையில் ஒரு தட்டு. அதில் ஆமை ஓட்டைப் போல அச்சிட்ட சிவப்புக் குவே பலகாரம், உள்ளே பாசிப்பயற்றுப் பூரணம் வைத்தது. அம்மாவும் அவரும் அரைகுறை மலாயில் தணிந்த குரலில் பேசினார்கள். ஆன்ட்டி அழுதார். அம்மா கதவைத் திறந்து வெளியே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் என்னவென்று அம்மா எனக்குச் சொன்னது நான் பெரியவனாகி, ஆன்ட்டியின் மாமனாரும் காலமான பிறகு. கிழவருக்குச் சிறுநீரை அடக்க முடியவில்லை. விடியலில் கூண்டுப் பறவையைத் தூக்கிக்கொண்டு கீழே போகும்போது லிஃப்டிலேயே ஆகிவிடும். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் ஆன்ட்டி பின்னாலேயே போய்க் கழுவியிருக்கிறார். சில நாள் மற்றவர்கள் பார்ப்பதற்குள் முந்த முடியவில்லை. அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து, பேப்பரில் வந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் முகம் போய்விடும் என்று அவர் தூங்கவே இல்லையாம். உங்களால் எப்படி அப்படிச் சிரிக்க முடிந்தது என்றுதான் அன்று கேட்டிருக்கிறார்.

அன்றிரவு நான் கேட்டது அப்பாவும் அம்மாவும் சாப்பிடும்போது பேசியதன் வால் பகுதி மட்டும்.

"நம்ம பய செய்யலன்னு அவங்கட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லி?" என்றாள் அம்மா.

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். எனக்கோ ஆத்திரம் பொங்கியது. யாரோ ஒருவன் மாட்டியதற்கு ஜன்னலைச் சாத்துகிறவள், பெற்ற பிள்ளையின் மானத்தை ஐந்தாம் மாடியில் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இன்றுவரை அந்த ஆன்ட்டியைப் பொறுத்தவரை நான் லிஃப்டில் சிறுநீர் கழித்த பையன்தான். என் கல்யாணத்துக்கு வந்தபோதுகூட என்னைப் பார்த்து ஒரு தனிப் பிரியத்தோடு சிரித்தார்.

மறுநாள் விடியலில் வடை வாசனை. நான் ஓடிப்போய், "யாரும்மா மாட்டுனது?" என்றேன்.

"யாரும் மாட்டல. இந்தத் தட்ட ஆன்ட்டி வீட்ல குடுத்துட்டு வா" என்றாள். செய்தி இல்லாமல் எங்கள் வீட்டில் சுட்ட முதல் வடை அதுதான். அதில் முழு வடையே எனக்கு இரண்டு கிடைத்தது.

அதோடு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. பள்ளிக்குக் கிளம்பும் முன் ஆன்ட்டி வீட்டுத் தாத்தாவைக் கையைப் பிடித்து லிஃப்டில் கீழே கூட்டிப்போக வேண்டும். போவதற்கு முன் அவரைக் கழிவறைக்குப் போகச் சொல்லி நினைவூட்ட வேண்டும். ஊரில் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? எனக்குக் காரணம் தெளிவாகவே தெரிந்தது. தாத்தாவுக்கு லிஃப்ட் என்றால் பயம். லிஃப்டில் மாட்டி உயிரோடு மீண்டவன் இந்த புளோக்கிலேயே நான் ஒருவன்தான். அனுபவசாலி. பெருமையாக இருந்தது. மறு ஞாயிறு போட்ட வெள்ளை அங்கிகூட அந்த அளவுக்குப் பெருமை தரவில்லை.

கதவு மூடும். பறவை கூண்டுக்குள் ஒரு முறை சிறகடிக்கும். தாத்தா என் பக்கம் ஒண்டி நிற்பார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாத தமிழில், அப்பாவின் குரலை அப்படியே வரவழைத்துச் சொல்வேன்:

"பயப்படாதய்யா. யாருக்கும் தெரியாது."